சீம்பால் யாருக்கு?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



மாடு கன்று ஈன்ற வீட்டில் மறுநாள் காலை என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சளாக, கெட்டியாக இருக்கும் அந்த முதல் பாலைக் கறந்து, வெல்லம் கரைத்து ஊற்றி, ஏலக்காய் தட்டிப் போட்டு, இட்லிச் சட்டியில் வைத்து வேக வைப்பார்கள். ஆறினால் கத்தியால் வில்லை போடலாம். பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம், எதிர் வீட்டுக்கு ஒரு கிண்ணம், பங்காளி வீட்டுக்கு ஒரு கிண்ணம். பிள்ளைகளுக்கோ அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவே மனசு வராது.

உரம், விதை, பூச்சிமருந்து என்று பேசுகிற ஆள் இன்றைக்குப் பலகாரத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று நினைக்காதீர்கள். இந்தச் சீம்பாலுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. அது கொஞ்சம் தூரத்து ஊரில் தொடங்குகிறது. சுற்றிக்கொண்டு கடைசியில் உங்கள் தொழுவத்துக்கே வந்து சேரும். அதுவரை பொறுமையாகக் கேளுங்கள்.

இங்கிலாந்துக்கு மேற்கே கடலுக்குள் இருக்கும் தீவு அயர்லாந்து. அந்தக் காலத்தில் அங்கே சிறு விவசாயிகள் அதிகம். இருபது, முப்பது ஏக்கர், அதில் பெரும்பகுதி புல்தரை, கொஞ்சம் உருளைக்கிழங்கு, கொஞ்சம் ஓட்ஸ், ஏழெட்டுப் பசு, ஒரு பன்றி, சில ஆடுகள், கோழிகள். வீட்டு ஆட்களே வேலை ஆட்கள். நம்மிடம் இல்லாத ஒன்று அவர்களிடம் உண்டு. அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் உண்டு. நமக்கு வெயில் தாராளம், மழைதான் கணக்குப் பார்த்து வரும். அவர்களுக்கு மழை ஆண்டு முழுவதும் உண்டு, வெயில்தான் பஞ்சம். நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு புல் தலை காட்டும். அவர்களுக்கோ நம்முடைய மார்கழி, தை மாதக் குளிரில் புல் வளர்ச்சி நின்றே போகும். பங்குனி பிறந்து, பகல் நீண்டு, மண் சூடேறிய பிறகுதான் புல் கிளம்பும்.

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். கன்று ஈன்ற பின் முதல் இரண்டு மாதம்தான் பால் உச்சத்தில் இருக்கும். அந்த உச்சமும் புல்லின் உச்சமும் ஒரே நேரத்தில் வந்தால் தீவனச் செலவு இல்லாமல் பால் கிடைக்கும். அதனால் அயர்லாந்துக்காரர்கள் மே, ஜூன் மாதங்களில் காளைக்கு விட்டு, அடுத்த ஆண்டு பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் கன்று விழும்படி பார்த்துக்கொண்டார்கள். நம்மிடம் மாடு ஆண்டு முழுவதும் முன்னே பின்னே ஈனும். அங்கே அப்படி இல்லை, எல்லாம் ஒரே வீச்சில். பிப்ரவரி முதல் தேதி புனித பிரிஜித்தின் திருநாள். அதை வசந்தத்தின் முதல் நாளாகக் கொண்டாடுவார்கள். பசுவையும் பாலையும் காப்பவள் என்று அந்த அம்மாளை நம்பினார்கள்.

அந்தப் பருவத்தில் அந்த வீடுகள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பகல் நீள நீள, குளிரில் முட்டையிடுவதை நிறுத்தியிருந்த கோழி திரும்ப முட்டை வைக்கும். ஆடு குட்டி போடும். நடுங்குகிற குட்டியைச் சாக்கில் சுருட்டி அடுப்பங்கரைக்குக் கொண்டு வருவார்கள். சதுப்பு நிலத்தில் வெட்டிக் காய வைத்த கரிமண் கட்டிதான் அவர்களுக்கு விறகு. அது மெதுவாகப் புகைந்து எரிந்துகொண்டே இருக்கும். இராத்திரி இரண்டு மணிக்கு லாந்தரைத் தூக்கிக்கொண்டு யாராவது ஒருவர் தொழுவத்துக்குப் போவார். குளிர்காலம் முழுவதும் காய்ந்த புல்லைத் தின்று எலும்பு தெரிய நிற்கும் பசு, கன்றைப் போட்டுவிட்டு நக்கிக்கொண்டிருக்கும். தை மாதத்துத் தொழுவத்தில் கண் விழித்தவர்களுக்கு அது தெரியாத காட்சி இல்லை, குளிர்தான் கொஞ்சம் கூடுதல்.

அவர்களும் சீம்பாலுக்குத் தனியாகப் பேர் வைத்திருக்கிறார்கள். ஐரிஷ் மொழியில் ‘நூஸ்’ என்பார்கள். அதை அக்கம் பக்கத்துக்குக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. முதலில் கறந்ததில் கொஞ்சத்தைக் கண்ணுக்குத் தெரியாத தேவதைகளுக்கென்று தரையில் ஊற்றுவார்கள். கடல் தாண்டி வட இங்கிலாந்தில், சீம்பால் வாங்கிய வீட்டார் பாத்திரத்தைக் கழுவாமல் திருப்பித் தர வேண்டும், கழுவினால் பசுவுக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை இருந்தது. நம்ம ஊர்க் கிழவிகள் கேட்டால் தலையாட்டுவார்கள்.

இனி வியாபாரத்துக்கு வருவோம். அயர்லாந்தின் தெற்குப் பகுதி வெண்ணெய் நாடு. கார்க் என்ற துறைமுக ஊரில் 1770இல் அமைந்த வெண்ணெய்ச் சந்தை உலகத்திலேயே பெரியது என்று பேர் வாங்கியது. வீட்டுப் பெண்கள் கையால் கடைந்த வெண்ணெயை மரப்பீப்பாயில் அடைத்து அங்கே கொண்டு வருவார்கள். 1878இல் சுவீடனைச் சேர்ந்த குஸ்தாவ் டி லாவல் பாலைச் சுழற்றி ஏட்டைப் பிரிக்கும் எந்திரத்தைக் கொண்டு வந்தார். அதன்பின் நிலைமை மாறியது. 1889இல் லிமரிக் மாவட்டத்தில் டிரம்கொல்லகர் என்ற ஊரில் முதல் கூட்டுறவு வெண்ணெய்ப் பண்ணை ஏற்பட்டது. இதற்குப் பாடுபட்டவர் ஹொரேஸ் பிளங்கெட் என்ற பெரியவர். ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டுப் பேசியவர். விரிவாக்க வேலை பார்க்கிற எனக்கு அவர் மேல் தனி மரியாதை உண்டு, ஏனென்றால் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

விவசாயி காலையில் பாலை வண்டியில் ஏற்றிப் போய் ஊற்றுவார். ஏட்டை அவர்கள் எடுத்துக்கொண்டு, ஏடெடுத்த பாலைத் திருப்பிக் கொடுப்பார்கள். அது கன்றுக்கும் பன்றிக்கும். முழுப்பால் காசானது, கன்றுக்குக் கிடைத்தது மிச்சம். இதுவும் நமக்குப் புதிதல்ல. சொசைட்டி வண்டி வருகிறதென்று கன்றை இழுத்துக் கட்டிவிட்டுக் கறக்கிற வீடு நம் ஊரிலும் இருக்கத்தான் செய்கிறது.

அந்தக் காலத்தில் அவர்களைப் பிடித்து ஆட்டிய சங்கடம் ஒன்று உண்டு. நன்றாகப் பிறந்த கன்று, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கழிய ஆரம்பிக்கும். வெள்ளையாக, நாற்றமடிக்கும் கழிச்சல். கண் குழி விழும், காது குளிரும், எழுந்திருக்காது. ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். கோழிக்கு வருகிற வெள்ளைக்கழிச்சல் வேறு. இது கன்றுக்கு வருவது, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு தொழுவத்தில் நுழைந்தால் அந்த வசந்தத்தில் விழுந்த கன்றுகளை வரிசையாகக் கொண்டுபோகும். அப்போது அந்தச் சிறு விவசாயிகளில் மிகப் பலர் சொந்த நிலக்காரர்கள் அல்ல, குத்தகைக்காரர்கள். குத்தகைக்காரருக்கு நிலத்தை வாங்கிக் கொடுக்கும் பெரிய சட்டம் 1903இல்தான் வந்தது. வெண்ணெயும் பன்றியும் கன்றும் விற்ற காசில்தான் குத்தகை கட்ட வேண்டும். கன்று செத்தால் அது வெறும் கன்று சாவு அல்ல.

1901இல் அந்த நாட்டின் வேளாண்மைத் துறை, பிரான்சு நாட்டிலிருந்து எட்மண்ட் நொக்கார் என்ற கால்நடை நிபுணரை வரவழைத்தது. துறை தொடங்கி இரண்டு ஆண்டுகூட முழுதாக ஆகாத நேரம். நொக்கார் பாரிசுக்குப் பக்கத்தில் அல்ஃபோர் கால்நடைக் கல்லூரிப் பேராசிரியர், லூயி பாஸ்டரின் கூட்டத்தைச் சேர்ந்தவர், கிருமிகளைத் தேடிப் பிடிப்பதில் கெட்டிக்காரர். அவர் தென் அயர்லாந்துத் தொழுவங்களுக்கு நேரில் போனார். செத்த கன்றுகளை அறுத்துப் பார்த்தார். கிருமி தொப்புள்கொடி வழியாக உள்ளே போகிறது என்று முடிவு சொன்னார்.

அவர் சொன்ன முறை இது: ஈனும் பசுவின் பின்பக்கத்தைக் கிருமிநாசினி கலந்த நீரால் கழுவு; சுத்தமான வைக்கோலில் கன்றை விழ விடு; தொப்புள்கொடியைக் கிருமிநாசினியில் ஊறிய நூலால் கட்டு; அயோடின் கலந்த மருந்தைத் தொப்புளில் தடவு. துறையார் இதைத் துண்டுப் பிரசுரமாக அச்சடித்து விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். துண்டுப் பிரசுரத்தின் கதி என்னவென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாதி, அடுப்புப் பற்ற வைக்க உதவியிருக்கும். ஆனால் சொன்ன விஷயம் சரியான விஷயம். இன்றைக்கும் கன்றின் தொப்புளுக்கு நாங்கள் டிங்சர் அயோடின் போடச் சொல்வது அந்த வழியில் வந்ததுதான்.

இருந்தாலும் கழிச்சல் ஒழியவில்லை. தொப்புளைக் கட்டி மருந்து போட்ட கன்றும் சில இடங்களில் செத்தது. எதுவுமே செய்யாத கன்று சில இடங்களில் துள்ளிக்கொண்டு திரிந்தது. நொக்கார் 1903இல் காலமாகிவிட்டார்.

இனி அமெரிக்கா. தியோபால்ட் ஸ்மித் என்று ஒருவர். மாட்டு உண்ணி இருக்கிறதே, அது ஒரு மாட்டின் காய்ச்சலை இன்னொரு மாட்டுக்குக் கொண்டுபோகிறது என்று 1893இல் உலகத்துக்கு மெய்ப்பித்துக் காட்டியவர் இவர்தான். பூச்சி வகைகள் நோயைச் சுமந்து திரியும் என்பதற்கு அது முன்னோடியான சாட்சி. மலேரியாக் கொசுவின் கதை வெளிவந்தது அதற்குப் பிறகு. அவருக்கு அறுபது வயது தாண்டிய பிறகு, பிரின்ஸ்டன் என்ற ஊரில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில், ரால்ஃப் லிட்டில் என்ற கால்நடை மருத்துவரோடு சேர்ந்து கன்றுச் சாவை ஆராய்ந்தார்.

அவர்கள் செய்தது மிகச் சாதாரணமான காரியம். பிறந்த கன்றுகளில் 12ஐப் பிரித்து, சீம்பால் கொடுக்காமல் சாதாரணப் பால் மட்டும் கொடுத்தார்கள். மற்றச் சில கன்றுகளைத் தாயிடம் சீம்பால் குடிக்க விட்டார்கள். தொழுவம் அதே தொழுவம், கவனிப்பு அதே கவனிப்பு. சீம்பால் குடித்தவை பிழைத்தன. குடிக்காத 12இல் 9 போய்விட்டன. 1922இல் இதை எழுதி வெளியிட்டார்கள். கழிச்சல் உண்டாக்கிய கிருமி எங்கிருந்தோ புதிதாக வந்ததல்ல. எல்லா மாட்டின் குடலிலும் சாணியிலும் சாதாரணமாக இருக்கும் ஈ. கோலை என்ற கிருமிதான். வளர்ந்த மாட்டுக்கு அது ஒன்றும் செய்வதில்லை. சீம்பால் குடிக்காத கன்றின் இரத்தத்தில் அது புகுந்து பெருகிவிடுகிறது.

ஏன் என்பதை இப்போது நாம் நன்றாக அறிவோம். மனிதக் குழந்தை தாய் வயிற்றில் இருக்கும்போதே, நோயைத் தடுக்கும் எதிர்ப்புப் பொருள் தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக அதற்குப் போய்விடும். பசுவின் நஞ்சுக்கொடி அமைப்பு வேறு. இடையில் உள்ள தடுப்பு கனம் கூடியது. எதிர்ப்புப் பொருள் பெரிய புரதம். அது அந்தத் தடுப்பைத் தாண்டாது. எருமை, ஆடு, செம்மறி எல்லாம் அப்படித்தான். ஆகவே கன்று பிறக்கும்போது அதன் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். தாய் அதை வேறு வழியில் சேர்த்து வைக்கிறாள். ஈனுவதற்கு முந்தின சில வாரங்களில் தன் இரத்தத்திலிருந்து அந்தப் புரதத்தை இறக்கி மடியில் நிரப்புகிறாள். அதுதான் சீம்பால். சாதாரணப் பாலில் நூற்றுக்கு மூன்று பங்கு சொச்சம் புரதம் இருந்தால், சீம்பாலில் அது பத்துக்கு மேல் போகும்.

கன்றின் குடலும் அதற்குத் தோதாக இருக்கிறது. பிறந்த உடனே அந்தப் பெரிய புரதத்தைச் செரிக்காமல் முழுசாக உள்வாங்கி இரத்தத்தில் சேர்க்கும் சக்தி அதற்கு உண்டு. ஆனால் அந்தக் கதவு சாத்திக்கொண்டே வரும். ஆறு மணி நேரத்தில் பாதி சாத்தியது போல; ஒரு நாள் முடிந்தால் அநேகமாகத் தாழ் போட்டாயிற்று. அதற்குப் பிறகு ஒரு குடம் சீம்பால் ஊற்றினாலும் வயிற்றுக்குச் சத்து, அவ்வளவுதான். இரத்தத்துக்குப் போகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் சீம்பாலை வேக வைத்தால் கட்டியாகிறதே, ஏன்? சாதாரணப் பாலைக் காய்ச்சினால் கட்டியாவதில்லையே? சூட்டில் உறைந்து கட்டியாவதும் இதே புரதங்கள்தான். கன்றைக் காக்க மடியில் இறங்கிய சரக்கைத்தான் நாம் வில்லை போட்டுத் தின்கிறோம்.

இதை நான் படிப்பில் தெரிந்துகொண்ட அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். எனக்குப் பத்து வயசு இருக்கும். எங்கள் வீட்டு மயிலைப் பசு ஒரு மாசி மாதத்து அந்தியில் கிடேரிக் கன்று போட்டது. கன்று அரை மணி நேரத்தில் எழுந்து மடியைத் தேடியது. எங்கள் அப்பத்தா, “நஞ்சு விழலையேடா, அதுக்குள்ள ஊட்ட விட்டா மாட்டுக்கு ஆகாது” என்று கன்றைப் பிடித்துத் தூரத்தில் கட்டிவிட்டது. இராத்திரி முழுக்கக் கன்று கத்தியது. மறுநாள் உச்சிக்குத்தான் நஞ்சுக்கொடி விழுந்தது. அதை வைக்கோலில் சுற்றி, சாக்கில் கட்டி, கண்மாய்க்கரை ஆலமரத்தில் தொங்க விட்டுவிட்டு வந்து, மடியைப் பீய்ச்சிச் சீம்பால் எடுத்தார்கள். ஊருக்கெல்லாம் கொடுத்தோம். நான் இரண்டு கிண்ணம் தின்றேன். மிச்சத்தைத்தான் கன்று ஊட்டியது. நாலாம் நாள் கழிச்சல். ஆறாம் நாள் போய்விட்டது. கண்ணேறு என்றார்கள். தோலை உரித்து வைக்கோல் அடைத்து மாட்டுக்கு முன்னால் நிறுத்தினார்கள். மயிலை அதை நக்கிக்கொண்டே பால் கொடுத்தது. அப்பத்தா எங்கள் மேல் உயிரையே வைத்திருந்த மனுஷி. மாட்டையும் பிள்ளை மாதிரி பார்த்தது. அதற்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நஞ்சு விழும் வரை ஊட்ட விடக்கூடாது என்கிற வழக்கம் இன்னும் பல ஊரில் இருக்கிறது. போன வாரம் போன ஊரிலும் கேட்டேன். உண்மை நேர்மாறானது. கன்று மடியை முட்டி ஊட்டும்போது பசுவின் உடம்பில் ஒரு சுரப்பு உண்டாகிறது. பாலை இறக்குவதும் அதுதான், கருப்பையைச் சுருங்க வைப்பதும் அதுதான். கருப்பை சுருங்கினால் நஞ்சுக்கொடி சீக்கிரம் கழன்று விழ ஒத்தாசை. பன்னிரண்டு மணி நேரம் ஆகியும் விழவில்லையென்றால் கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள். கையை விட்டு இழுக்காதீர்கள், கல்லைக் கட்டித் தொங்க விடாதீர்கள். அதற்கும் கன்றின் பசிக்கும் சம்பந்தம் இல்லை.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நொக்கார் சொன்னதை விட வேண்டாம்: வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுத் தொப்புள்கொடியைக் கட்டி, அதற்குக் கீழே சுத்தமான கத்தியால் நறுக்கி, டிங்சர் அயோடினில் முக்குங்கள். அது முடிந்த கையோடு ஸ்மித் சொன்னதையும் செய்யுங்கள். கன்று எழுந்ததும் மடியைத் துடைத்து ஊட்ட விடுங்கள். ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் முதல் நாளுக்குள் உள்ளே போக வேண்டும். 20 கிலோ நாட்டுக்கன்றுக்கு 2 லிட்டர், 30 கிலோ கலப்பினக் கன்றுக்கு 3 லிட்டர். அதில் பாதி முதல் வேளையிலேயே போய்விட்டால் நல்லது. தானே குடிக்கத் தெம்பில்லாத கன்றுக்குக் கறந்து, காய்ச்சாமல், மடிச்சூட்டோடு புட்டியில் கொடுங்கள். புரையேறாமல் பார்த்து, மெதுவாக. ஆட்டுக்குட்டிக்கும் இதே கணக்கு. இரண்டு கிலோக் குட்டிக்கு ஓர் ஆழாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சினைமாட்டை ஈனும் வரைக்கும் கறக்கிறவர்கள் உண்டு. இரண்டு மாதம் முன்னாலேயே வற்ற விட வேண்டும். கடைசி வாரங்களில் மடியில் சேர வேண்டிய சரக்கைக் கறந்துகொண்டே இருந்தால், ஈன்றபின் வருவது பேருக்குத்தான் சீம்பால்.

ஒரு சகோதரி கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார்: ஈன்ற பசு செத்துப் போனாலோ, மடியில் பால் இறங்காமல் போனாலோ கன்றை எப்படிக் காப்பாற்றுவது என்று. ஸ்மித்தும் லிட்டிலும் இதையும் பார்த்திருக்கிறார்கள். மாட்டின் இரத்தத்திலிருந்து தெளிநீரைப் பிரித்துச் சீம்பாலுக்குப் பதிலாகக் கொடுத்தும் ஊசியில் ஏற்றியும் பார்த்தார்கள், ஓரளவுக்குப் பலன் இருந்தது. அது மருத்துவர் செய்கிற காரியம். நமக்கு எளிய வழி, அதே ஊரில் அதே இரண்டொரு நாளில் ஈன்ற வேறு பசுவின் சீம்பால். இப்போது பல வீட்டில் குளிர்பதனப் பெட்டி இருக்கிறது. கன்று குடித்து மிஞ்சிய சீம்பாலை ஒரு லிட்டர் சுத்தமான புட்டியில் ஊற்றி, ஐஸ் கட்டும் அறையில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். வேண்டும்போது வெதுவெதுப்பான நீரில் புட்டியை வைத்து உருக்குங்கள், அடுப்பில் வைக்காதீர்கள். பால் சொசைட்டியில் ஊருக்கு ஒரு புட்டி வைத்துக்கொள்ளலாமே என்று இரண்டு ஊரில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஓர் ஊரில் ஒத்துக்கொண்டார்கள்.

பலகாரத்துக்கு என்ன செய்வது என்று பிள்ளைகள் கேட்பார்கள். கன்று வயிறு நிறைந்த பிறகு, இரண்டாம் நாள், மூன்றாம் நாள் கறவையில் எடுங்கள். அதுவும் ஓரளவு கட்டியாகும், கொஞ்சம் இளக்கமாக இருக்கும். ஏலக்காயைக் கூட ஒன்று தட்டிப் போடுங்கள். நஞ்சுக்கொடியை ஆலமரத்தில் கட்டுகிறவர்கள் கட்டிக்கொள்ளுங்கள், அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை.